கருவி நல்லதாக நல்லதாகப் பழைய கச்சேரி கேட்க முடியவில்லை: குறை காதிலா, அறையிலா?

தோடிவிரும்பி கேட்டது:

வணக்கம். கொஞ்சம் விவரமாகவே கேட்கிறேன்.

அறை 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர். ஐந்தேகால் அங்குல வூஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி, ஸ்டாண்டின்மேல். வூஃபர் முகத்துக்கும் பின்னாலுள்ள சுவருக்கும் இடையே 60 செ.மீ. சேனலுக்கு 50 வாட் ஆம்ப்ளிஃபையர், லேப்டாப், யுஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஃபைலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி). உட்காருவது எதிர்ச்சுவரை ஒட்டிய கட்டிலில்.

கேட்பது இரண்டு வகை. ஒன்று, 1950, 60களின் கச்சேரிகள். யாரோ ஸ்பூல் டேப்பில் எடுத்து, கேசட்டுக்கு மாறி, கடைசியில் எம்பி3 ஆனவை. இன்னொன்று, 80களின் சினிமாப் பாட்டு.

புதிய பதிவுகள் பிரமாதமாக இருக்கின்றன. பழையதைப் போட்டால் டேப் இரைச்சல் முன்னால் வந்து நிற்கிறது. மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) சில அடிகளில் மட்டும் அறையை நிறைத்துக்கொண்டு ஊதுகிறது. ஆலாபனை ஓடிக்கொண்டிருக்க, கவனம் இரைச்சலில் போய் மாட்டிக்கொள்கிறது. அதே பதிவை ஃபோனில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி இதுதான். ஆடியோஃபைல் (ஒலித்தரப் பித்தர்) ஆவது ரசனையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? அடுத்து டாக், கேபிள், ஹை ரெஸ் (சிடியைவிட உயர்தர ஃபைல்) என்று போவதில் பயன் உண்டா?

---

அலைநீளம் பதில்:

டாக், கேபிளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளில் ஒன்றுக்குப் பதிவும் காரணமல்ல, ரசனையும் காரணமல்ல. அறைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிற்கும் அலையின் அதிர்வெண் 343ஐ அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 12 அடி என்பது 3.66 மீட்டர்: 47 ஹெர்ட்ஸ், அதன் மடங்கு 94. 10 அடி என்பது 3.05 மீட்டர்: 56, அடுத்து 112. உங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒரே அளவு. அதனால் 56, 112 இரண்டிலும் இரண்டு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தொப்பியில் கும்கி கொடுக்கும்போது ஸ்வரம் கீழிருந்து வழுக்கி மேலே ஏறுகிறது இல்லையா, அது இந்த 94, 112 பக்கம் வரும் இடத்தில் மட்டும் அறை சேர்ந்து ஊதும். வாசித்தவர் சீராகத்தான் வாசித்திருப்பார். ஃபோன் ஸ்பீக்கரில் இந்தப் பகுதியே கிடையாது, அதனால் தொல்லையும் இல்லை. ஃபோன் நன்றாக ஒலிக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

முதல் வேலை, கட்டிலை விட்டு எழுந்திருப்பது. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நீளவாக்கு அலைகள் எல்லாமே உச்சத்தில் இருக்கும் இடத்தில் காது இருக்கும். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 4 அடி 7 அங்குலம் முன்னால் போடுங்கள். நீளத்தில் 38 சதவீதம். அறையின் நட்டநடுவில் போடாதீர்கள், அங்கே 47 ஹெர்ட்ஸ் காணாமல் போகும்.

இரண்டாவது, ஸ்பீக்கர் இருக்கும் இடம். வூஃபரிலிருந்து பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, கால் அலைநீளத்தில் நேர் ஒலியை வெட்டும். 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸில் பள்ளம். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் அது. ஸ்பீக்கரைப் பின்னுக்குத் தள்ளி அந்தத் தூரத்தை 35 செ.மீ. ஆக்கினால் பள்ளம் 245க்கு ஏறும், அங்கே சுவரில் வைக்கும் பேனல் வேலை செய்யும். ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் போர்ட் (காற்றுத் துளை) இருந்தால் குறைந்தது 10 செ.மீ. விடுங்கள். அதற்கும் பேஸ் கூடினால் போர்ட்டில் ஸ்பாஞ்ச் உருளையைச் செருகலாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 6 அடி, பக்கச் சுவர்களிலிருந்து 2 அடி, ட்வீட்டர் காது மட்டத்தில். அந்தப் பக்கம் 10 அடிச் சுவராக இருக்கட்டும், ஒலி 12 அடி வாக்கில் ஓடட்டும்.

மூன்றாவது, கை தட்டிப் பாருங்கள். தட்டியபின் 'டிர்ர்ர்' என்று ஒரு உலோகச் சத்தம் இழுத்தால், வெறும் சுவர்கள் பந்தாடுகின்றன என்று அர்த்தம். பழைய பதிவின் இரைச்சலும் 'ச', 'ஷ' எழுத்துகளும் கூர்மையாகக் குத்துவதற்கு இதுவும் காரணம். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகை, 50 மி.மீ. கனம், மரச்சட்டத்தில் அடைத்து, சுவரிலிருந்து இன்னொரு 50 மி.மீ. தள்ளி மாட்ட வேண்டும். 2க்கு 4 அடியில் நாலு பேனல் போதும் ஆரம்பத்துக்கு. இடம் கண்டுபிடிக்க ஒருவர் கண்ணாடியைச் சுவரில் நகர்த்தட்டும். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பேனல். மேலே போர்த்தும் துணி, வாய் வைத்து ஊதினால் காற்று புகும் துணியாக இருக்க வேண்டும். ரெக்சின் போட்டால் பாதி வேலை போச்சு. ராக்வூலை அறுக்கும்போது முகக்கவசம், கையுறை கட்டாயம். முட்டை அட்டையும் ஒரு அங்குல ஃபோமும் மேல் ஸ்தாயியை மட்டும் அமுக்கிவிட்டு ஊதலை அப்படியே விடும். அறை இன்னும் மோசமாகும்.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால் யுஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசர்ட் என்ற அளவீட்டு மென்பொருளும் போதும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எழும்பி நிற்கும் மேடுகளை மட்டும் வெட்டுங்கள், உதாரணமாக 94இல் 5 டெசிபல், க்யூ (வெட்டு எவ்வளவு குறுகலானது என்பதன் அளவு) 5. பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். 6 டெசிபல் ஏற்ற நாலு மடங்கு வாட் வேண்டும், அறை அதையும் வெட்டித் தள்ளும்.

ஆடியோ ஆர்வம் ரசனைக்குத் துணையா என்றால், இந்த அளவில் நிச்சயம் துணைதான். தொப்பி அடங்கினால் வலந்தலையின் (வலது பக்கத்தின்) மீட்டு தனியாகக் கேட்கும். அதற்குப்பின் பாடகரின் பின்னால் தம்புரா இருப்பதே தெரியவரும்.

---

ஸ்பூல்டேப் பதில்:

அலைநீளம் சார் அறையை நல்லா சொல்லிட்டாரு. நான் ஃபைல் பக்கம் வர்றேங்க. பழைய பதிவுன்னு நாம திட்டறதுல பாதி, அதை மாத்தினவங்க பண்ணின வேலை. அந்தக் காலத்து மைக்கையும் டேப்பையும் குறை சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

முதல்ல வேகம். டேப் 6 சதவீதம் வேகமா ஓடினா ஸ்ருதி அரைக்கட்டை ஏறிடும், குரல் சின்னதாகி கமகம் எல்லாம் அவசரமா ஆடும். கேக்கறப்ப "என்னவோ சரியில்ல"ன்னு மட்டும் தோணும், காரணம் பிடிபடாது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஸ்பூல் பதிவுகள்ல கரண்ட் ஹம் பதிஞ்சிருக்கும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டிங்கற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பாட்டு தொடங்கறதுக்கு முன்னாடி உள்ள அமைதியான பகுதியை எடுத்து, ப்ளாட் ஸ்பெக்ட்ரம் போட்டு, சைஸ் 65536 வைங்க. ஹம் 52ல நின்னா பதிவு 4 சதவீதம் வேகமா ஓடுதுன்னு அர்த்தம். 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' (பழைய பதிப்புகள்ல 'சேஞ்ச் ஸ்பீட்') போட்டு இறக்குங்க. வெறும் 'சேஞ்ச் பிட்ச்' வேண்டாம், அது தாளத்தை அப்படியே விட்டுடும். ஒரு எச்சரிக்கை: பிற்பாடு கேசட்டுக்கு மாத்தின டெக்கோட ஹம்மும் சேர்ந்திருக்கலாம், அது சரியா 50ல நிக்கும். ரெண்டு முள்ளு தெரிஞ்சா தள்ளி நிக்கறதுதான் மூலப் பதிவோடது. அந்தக் காலத்துல கரண்டே கொஞ்சம் ஏறி இறங்கும், அதனால கால் அரை சதவீதத்துக்கெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம். பாடறவரோட வழக்கமான ஸ்ருதி தெரிஞ்சா அதோடயும் ஒத்துப் பாருங்க.

அடுத்தது இரைச்சல். இங்கதான் ஆடியோ ஆர்வம் பெரிய கெடுதல் பண்ணுது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போடறவங்க இரைச்சல் மாதிரிக்குன்னு ஆலாபனைக்கு நடுவுல ஒரு இடைவெளியைத் தேர்ந்தெடுப்பாங்க. அந்த இடைவெளில யார் இருக்கா? தம்புரா! சாஃப்ட்வேர் தம்புராவையும் இரைச்சல்னு எடுத்துக்கிட்டு கச்சேரி பூரா துடைச்சிடும். மேடை ஏறறதுக்கு முன்னாடி வெறும் டேப் ஓடற ரெண்டு மூணு நொடி கிடைச்சா அதை மட்டும் எடுங்க. குறைப்பு 6 டெசிபல் போதும். 12க்கு மேல போனா குரலைச் சுத்தி தண்ணி சலசலக்கற மாதிரி ஒரு சத்தம் வரும், வயலின் வில் இழுக்கற உரசல் போயிடும். என்னைக் கேட்டா துடைக்கவே வேண்டாம். 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஒரு ஷெல்ஃப் (அதுக்கு மேல உள்ளதை மொத்தமா இறக்கற ஃபில்டர்) போட்டு 3 டெசிபல் இறக்குங்க. சீரா ஓடற இரைச்சலை காது தானா ஒதுக்கிடும். துடைச்சுத் துடைச்சு ஏறி இறங்கற இரைச்சலைத்தான் அதால ஒதுக்க முடியாது. "கவனம் இரைச்சல்ல மாட்டுது"ன்னீங்களே, உங்க ஃபைல்கள் பல தடவை துடைக்கப்பட்டதான்னு பாருங்க.

மோனோ பதிவு ஸ்டீரியோ கேசட்ல வந்திருந்தா ரெண்டு சேனலையும் ஒண்ணு சேர்த்துக் கேளுங்க, இரைச்சல் கொஞ்சம் இறங்கும். சேர்த்ததும் 'ச', ஜதி எல்லாம் மங்கிப் போனா ஹெட் கோணம் தப்பா மாத்தியிருக்காங்க. அப்போ நல்லா இருக்கற ஒரே சேனலை எடுத்து ரெண்டு பக்கமும் போடுங்க. கேசட்டே கையில இருந்தா டெக் ஹெட்டுக்குப் பக்கத்துல உள்ள ஸ்க்ரூவை, மோனோல மேல் ஸ்தாயி அதிகமா கேக்கற இடம் வரைக்கும் மெதுவா திருப்பி, அப்புறம் பதிவு பண்ணணும்.

78 சுற்று இசைத்தட்டுல இருந்து வந்ததுன்னா இன்னும் ரெண்டு சிக்கல். எல்பிக்கு உள்ள ஊசி 1 மில்லுக்கும் (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ, 78க்கு 3 மில் வேணும்; சின்ன ஊசி பள்ளத்தோட அடியில போய் குப்பையைத்தான் வாசிக்கும். தட்டு வெட்டறப்ப மேல் ஸ்தாயியை ஏத்தி, வாசிக்கறப்ப இறக்கற ஆர்ஐஏஏங்கற பொது வளைவு நிலைச்சதே 1950கள் நடுவுல. அதுக்கு முந்தின தட்டை இப்போதைய ஃபோனோ ப்ரீஆம்ப்ல போட்டா 10 கிலோஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 14 டெசிபல் இறங்கிடும். ராஜரத்தினம் பிள்ளையோட தோடித் தட்டு, கம்பளிக்குள்ள இருந்து ஊதற மாதிரி கேட்டா அதுக்கு நாகஸ்வரம் பொறுப்பில்ல. ஃப்ளாட்டா எடுத்து, சாஃப்ட்வேர்ல வளைவு மாத்துங்க. தட்டுல பக்கத்துக்கு மூணரை நிமிஷம்தான் இடம், அதுக்குள்ள அவர் ராகத்தை நிலைநிறுத்திக் காட்டறார். அந்த விஷயம் பூரா நடு அதிர்வெண்கள்லயே இருக்கு, ரெண்டாயிரம் ரூபாய் ஸ்பீக்கர்லயும் வந்துடும்.

---

தனிஆவர்த்தனம் பதில்:

மேலே சொன்ன இரண்டும் சரி. ஆனால் தோடிவிரும்பி கேட்ட முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து: ஓரளவுக்குமேல் கெடுக்கத்தான் செய்கிறது. ஸ்பீக்கரைச் சோதிக்கும் காது ஒரு நொடியை வெட்டி எடுத்து ஒப்பிடுகிறது. நிரவலை (ஒரே வரியை மாற்றி மாற்றி விரித்துப் பாடுவதை) கேட்கும் காது ஐந்து ஆவர்த்தனத்துக்கு முன்னால் விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஒவ்வொரு கச்சேரியையும் சோதனைப் பாட்டாக ஆக்கிக்கொண்டவர்களுக்கு வர்ணம் தாண்டி எதுவும் காதில் ஏறுவதில்லை.

ஆகவே சோதனைக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள், அதற்கென்று தனிப் பாடல்களை வையுங்கள், நீங்கள் உயிராக நினைக்கும் பதிவுகளை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். திரும்பத் திரும்பச் சோதித்த பதிவு பிறகு பாட்டாகக் கேட்காது. இன்னொன்று: எம்பி3 குறைகளைக் கண்டுபிடிக்கக் காதைப் பழக்கும் பயிற்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. கஞ்சிராவின் முதல் அடிக்கு முன்னால் லேசாக ஒரு கசிவு கேட்கும், ஜால்ராவின் வால் சுழலும். ஒருமுறை பழகினால் மறக்காது. ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவருக்கு அது தேவை. உங்கள் சேகரிப்பில் பாதி எம்பி3ஆகத்தான் கிடைக்கும் என்னும்போது அந்தப் பழக்கம் எதற்கு?

டாக், கேபிள், ஹை ரெஸ் கேட்டீர்கள். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரம், 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத் தாங்கும். மனிதக் காதின் எல்லை 20, வயதாக ஆக அதிலும் குறையும். ஸ்பூல் டேப்பின் இரைச்சல் சிடியின் இரைச்சலைவிடப் பல மடங்கு மேலே நிற்பதால், அந்தக் கச்சேரியை 24 பிட்டில் வாங்குவது இரைச்சலைத் துல்லியமாக வாங்குவதுதான். 2007இல் மேயர், மோரன் இருவரும் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவை நேராகவும் சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் 276 சரி. பாதிக்குப் பாதி, பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும்.

கேபிளுக்கு எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும். 3 மீட்டருக்குப் போக வர மின்தடை 0.04 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.05 டெசிபல்கூட இல்லை. இரண்டு முனையிலும் பிளஸ், மைனஸ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மாறினால் பேஸ் போய்விடும், குரல் நடுவில் நிற்காது. இதில்தான் நிஜமாகவே தவறு நடக்கிறது.

இதையெல்லாம் நம்ப வேண்டாம் என்றால் நீங்களே சோதியுங்கள். ஃபூபார்2000 என்ற பிளேயரில் ஏபிஎக்ஸ் (எது எந்த ஃபைல் என்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனை) துணைச்செயலியைப் போட்டு, ஒரே மாஸ்டரிலிருந்து செய்த இரண்டு ஃபைல்கள், ஒலி அளவு 0.1 டெசிபலுக்குள் சமம், 16 முறை. 12 சரியாக வந்தால் வித்தியாசம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அப்படி வர 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள். 1 டெசிபல் கூடினாலே "விரிவாக இருக்கிறது, உயிர் இருக்கிறது" என்று தோன்றும். ரீமாஸ்டர் என்று வரும் பழைய சினிமாப் பாட்டுகளில் பல, முழுக்க நசுக்கி உரக்க ஆக்கப்பட்டவை. ரீப்ளே கெயின் போட்டு அளவைச் சமமாக்கினால் பழைய சிடியில் தபேலா துள்ளுவதும் புதியதில் அது தட்டையாவதும் உடனே தெரியும். பணம் போடுவதாக இருந்தால் நல்ல மாஸ்டரைத் தேடுவதில் போடுங்கள்.

அலைநீளம் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவீட்டு மைக்கும் இதே நோயைக் கொண்டுவரும். வளைவைப் பார்த்துப் பார்த்து 1 டெசிபலுக்காகப் பேனலை நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

---

அலைநீளம் பதில்:

ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் 300க்குக் கீழே, மேடுகள் மட்டும் என்று எல்லை போட்டேன். இரண்டு மூன்று ஃபில்டருக்கு மேல் தேவைப்பட்டால் ஸ்பீக்கரின் இடம் சரியில்லை.

ஆனால் "கெடுக்கத்தான் செய்கிறது" என்பதை ஏற்க மாட்டேன். தம்புராவின் பஞ்சமத்துக்குள்ளேயும் மந்தர ஷட்ஜத்துக்குள்ளேயும் எழும் மேல் ஸ்வரங்கள் தெளிவாகக் கேட்டால்தான் பாடகர் காந்தாரத்தை எங்கே நிறுத்துகிறார் என்பது புரிகிறது. அது கருவி ஆசை அல்ல, சங்கீதம்.

தோடிவிரும்பி, இன்னொன்றும் பாருங்கள்: எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள்? சத்தம் குறையும்போது காதில் கீழ் ஸ்தாயிதான் முதலில் குறையும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே வளைவு போட்டுக் காட்டியது இது. இரவில் மெதுவாக வைத்தால் மிருதங்கம் போய் இரைச்சலும் 'ச'வும்தான் மிஞ்சும். ஆம்ப்ளிஃபையரில் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் அப்போது போடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டுவதானால் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்.

---

தோடிவிரும்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாற்காலியை முன்னால் போட்டதிலேயே தொப்பி பாதி அடங்கிவிட்டது. ஸ்பூல்டேப் சொன்னபடி பார்த்தேன், ஒரு கச்சேரியில் ஹம் 51.5இல் நிற்கிறது. இறக்கிக் கேட்கப் போகிறேன்.

இரவில் ஹெட்ஃபோன்தான். 80களின் பாட்டுகளில் வயலின் கூட்டம் முழுக்க இடது காதில், கிடார் முழுக்க வலது காதில். அரை மணியில் தலை கனக்கிறது. இதற்கு வழி?

---

ஸ்பூல்டேப் பதில்:

51.5ன்னா 3 சதவீதம், அரைக்கட்டையில பாதி. நான் சொன்ன வேக மாற்றத்துல மைனஸ் 2.9 போடுங்க, சரியா 50க்கு வரும்.

ஹெட்ஃபோனுக்கு க்ராஸ்ஃபீட் போடுங்க. ஸ்பீக்கர்ல கேக்கறப்ப இடது பக்கத்து ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போகும், ஹெட்ஃபோன்ல போகாது, அதனாலதான் கனக்குது. ஃபூபார்ல பிஎஸ்2பி துணைச்செயலி இருக்கு. 700 ஹெர்ட்ஸ், 4.5 டெசிபல்ல ஆரம்பிங்க. போதலைன்னா எண்ணைக் குறைங்க, இதுல எண் சின்னதானாதான் கலப்பு கூடும். ரொம்பக் குறைச்சா குரல் மங்கலாகி எல்லாம் நடுவுல குமியும். மோனோ கச்சேரிக்கு இது தேவையில்ல, நிறுத்திடுங்க.

காதுக்குள்ள செருகற இயர்ஃபோன்னா முதல்ல ரப்பர் அளவு பாருங்க. கொஞ்சம் இடைவெளி விட்டாலும் பேஸ் மொத்தமா கசிஞ்சு இரைச்சல் மட்டும் தூக்கலா கேக்கும். ரெண்டு காதுக்கும் ஒரே அளவு ரப்பர் பொருந்தணும்னு இல்ல, வேற வேற போட்டாலும் தப்பில்ல.